17சி நகலை வாங்கினீர்களா?

கேள்வி: செல்போனையே எங்கிருந்தோ திறந்து பார்க்கிறார்கள். ஓட்டு மெஷினை மட்டும் தொட முடியாதா? பேசாமல் பழையபடி வாக்குச்சீட்டுக்கே போய்விட்டால் என்ன?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: செல்போனோடு ஒப்பிடாதீர்கள். நம் ஓட்டு மெஷினில் சிம் கிடையாது, இணையம் கிடையாது, புளூடூத்தும் கிடையாது. எங்கோ உட்கார்ந்துகொண்டு அதைத் தொட முடியாது. கையில் கிடைத்தால்தான் ஆபத்து. 2010இல் கணினி ஆய்வாளர்கள் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன் உள்ளிட்ட குழு அதைத்தான் காட்டியது. கட்டுப்பாட்டுக் கருவியின் டிஸ்பிளே பலகையைக் கழற்றி, பார்ப்பதற்கு அதே போன்ற வேறொன்றைப் பொருத்திவிட்டால், உள்ளே பதிவானது ஒன்றாகவும் திரையில் தெரிவது வேறாகவும் இருக்கும். அது பழைய வகை மெஷின். இப்போதைய எம்3 வகையை யாராவது திறக்க முயன்றால் அது வேலை செய்யாமல் நின்றுவிடும். ஆனாலும் மெஷின் யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வாக்குச்சீட்டுக்குப் போனால் அதே கேள்வியை ஓட்டுப் பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டிய முதல் இடம், சின்னம் ஏற்றும் நாள். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு வெளியிலிருந்து ஒரு தரவு மெஷினுக்குள் போவது அப்போதுதான், அதுவும் விவிபேட்டுக்குள், அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவிக்குள். அன்று 5 சதவீத மெஷின்களில் ஒவ்வொன்றிலும் 1,000 ஓட்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதிமுறை. எந்த மெஷின் என்று கட்சிக்காரர்களே கை காட்டலாம். அந்த அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் அதற்குத் தேர்தல் ஆணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது வாக்குப்பதிவு நாள். 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30க்கே பூத் ஏஜென்ட் உள்ளே இருக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும். கூட்டிப் பார்த்து, 'கிளியர்' அழுத்தி, எல்லாம் பூஜ்ஜியம் என்று காட்டிய பிறகு, விவிபேட் பெட்டியில் விழுந்த தாள்களை எடுத்து, பின்புறம் முத்திரையிட்டு, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பெட்டி காலி என்று ஏஜென்ட் கண்ணால் பார்க்க வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கிளியர் அழுத்த மறந்தால் அந்த 50 ஓட்டும் உண்மை ஓட்டோடு கலந்துவிடும். தாளை எடுக்க மறந்தால் எண்ணும்போது தாள் கூடுதலாக வரும். தூக்கக் கலக்கத்தில் நடந்த மறதி, ஒரு மாதம் கழித்து 'மெஷின் மோசடி' என்று ஊர் முழுக்கப் பரவும்.

மாலையில்தான் முக்கியமான காகிதம் வருகிறது: படிவம் 17சி. கருவிகளின் வரிசை எண், காகித சீல் எண், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். மூடும் நேரத்தில் பூத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் அதன் நகலை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் தந்தாக வேண்டும்; அது சலுகை அல்ல, சட்டம். வாங்கும் முன், ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போட மறுத்தவர்களைக் கழித்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடும் ஏஜென்டுகள்தான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

இனி, உங்கள் சந்தேகத்தில் நியாயமான பங்கு. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்தின் விவிபேட் தாள்களை எண்ண வேண்டும் என்று 2019 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது போதுமா? 300 பூத் உள்ள தொகுதியில் 15 பூத்தில் கை வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுக்கும் ஐந்தில் அவற்றில் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு சுமார் 23 சதவீதம்தான். பூத்துக்கு 100 ஓட்டை இங்கிருந்து அங்கே மாற்றினால் வித்தியாசம் 3,000 நகரும். அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் வென்ற எம்எல்ஏக்கள் நம் சட்டமன்றத்தில் பலர். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த மக்களவைத் தொகுதியில் 30 பூத் எண்ணுவதால், ஒவ்வொன்றிலும் இதே போல 15 பூத்தில் கை வைத்திருந்தால், அந்த வாய்ப்பு 79 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. எனவே வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் பூத்தின் எண்ணிக்கை கூட வேண்டும். எல்லாத் தொகுதிக்கும் ஒரே ஐந்து என்பது கணக்குக்கு ஒத்துவராது. எல்லாத் தாளையும் எண்ணும் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26இல் நீதிமன்றம் மறுத்தது. வித்தியாசத்துக்கு ஏற்ப எண்ணுவது அதைவிட எளிது, அதைக் கேட்டுப் போராடலாம்.

அதுவரை இருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். யாருக்கு எவ்வளவு ஓட்டு என்று அறிவித்ததும், வெற்றியை அறிவிக்கும் முன்பே, குறிப்பிட்ட பூத்களின் தாள்களை எண்ணக் கோரி, தேர்தல் நடத்தும் விதிகளில் 56டி-யின் கீழ் வேட்பாளரோ ஏஜென்டோ தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எண்ணி வித்தியாசம் வந்தால், தாள் சொல்வதே செல்லும். 'சந்தேகமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். எந்தப் பூத், கருவி எண் என்ன, 17சி-யில் எவ்வளவு, திரையில் எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் கட்டணம் கட்டி, 5 சதவீத மெஷின்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்கக் கேட்கலாம். கை வைத்தது தெரிந்தால் கட்டிய பணம் திரும்ப வரும்.