நாமினி கொழுந்தனார் என்றால் பணமும் அவருக்கா?

கேள்வி: என் கணவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். சிங்கப்பூரில் கப்பல் நின்றிருந்தபோது மாரடைப்பில் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய வங்கிக் கணக்கில் அவர் தம்பிதான் நாமினி. எனக்கு ஒன்பது வயது மகள், மாமியார் இருக்கிறார். கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய அரை ஏக்கர் தேயிலைத் தோட்டமும் உண்டு. எது யாருக்கு?
- வாசகி, கோத்தகிரி

பதில்: நாமினி வாரிசு அல்ல. வங்கி கொழுந்தனாரிடம் பணத்தைக் கொடுத்தாலும், அவர் அதை வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான். நீங்கள் இந்து என்றால் 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சம பங்கு. கிறிஸ்தவர் என்றால் கணக்கு வேறு: உங்களுக்கு மூன்றில் ஒன்று, மீதி மகளுக்கு, மாமியாருக்குப் பங்கில்லை.

சிங்கப்பூர் இறப்புச் சான்றை அப்போஸ்டில் முத்திரையோடு (வேறு நாட்டிலும் ஏற்கப்படுவதற்கான அரசு முத்திரை) இரண்டு மூன்று பிரதி வாங்குங்கள். கப்பலில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டிடம் சம்பள பாக்கிக் கணக்கு, கேபினில் இருந்த பொருட்களின் பட்டியல், லாக் புத்தகப் (கப்பலின் அன்றாடக் குறிப்பேடு) பதிவின் நகல், வேலை ஒப்பந்தம் நான்கையும் மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாதிக் கோப்புகள் இதில்தான் சிக்கிக்கொள்கின்றன. 'இருவரும் ஒருவரே' என்ற பிரமாணப் பத்திரத்தை முன்னதாகவே தயார் செய்யுங்கள்.

பெரிய தொகை இறப்பு இழப்பீடுதான். யாருக்குத் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் அது வங்கிப் பணத்தோடு சேராது. 'முழுத் தீர்வு, இனி கோரிக்கை இல்லை' என்ற ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத் தொகையைக் குறைத்து வாங்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது. ஏஜென்ட் இழுத்தடித்தால் மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். பெரிய தொகைக்கு வங்கி, நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழையும் கேட்கலாம். அதற்கு ஊட்டி நீதிமன்றத்தில் மனு. சம்பள பாக்கி எவ்வளவு என்று தெரிந்த பிறகே மனுப் போடுங்கள். இல்லையென்றால் விட்டுப்போன தொகையைச் சேர்க்க மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டிவரும்.

தோட்டத்துக்கு நீதிமன்றச் சான்றிதழ் செல்லாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றை வைத்து வாரிசுகள் எல்லோர் பெயரிலும் பட்டா மாற்றுங்கள். மகளின் பங்கை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்மா' என்று மாமியார் வாயால் சொன்னால் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்தால்தான் அவர் பங்கு உங்களுக்கு மாறும்.