கோல் அடிச்சும் ஏன் எடுக்கலை? ஹாக்கித் தேர்வு பற்றி ஒரு கேள்வி பதில்

சென்னை ஹாக்கி லீக்கில் பதினாலு வருஷம் ரைட் ஹாஃப் (நடுக்களத்தில் வலது பக்கம்) ஆடினேன். இப்போது ஒரு ஆபீஸ் டீமுக்குக் கோச். ராத்திரி உட்கார்ந்து மேட்ச் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது என் வியாதி. தேர்வுக் குழுவில் எனக்கு யாரையும் தெரியாது, சிபாரிசுக்கு வராதீர்கள். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: லீக்கில் கோல் மேல் கோல் அடித்த ஃபார்வர்டு பெயர் இந்திய அணியின் பயிற்சி கேம்ப் பட்டியலில் இல்லை. அரசியல்தானே சார்?

அரசியலே கிடையாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மேட்சில் பந்தைப் பார்க்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த அந்தப் பையனை மட்டும் பாருங்கள், அதுவும் எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கிற ‘டி’ என்ற வளைவுக்குள் பந்தைப் பறிகொடுத்த பிறகு.

ஒரு ரகம், இரண்டு கையையும் விரித்து அம்பயரைப் பார்க்கும். மூணு விநாடி. அந்த மூணு விநாடியில் எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாளன், அந்த ஃபுல் பேக், நாலடி முன்னால் வந்து, நிதானமாக நடுவில் ஒரு பாஸ் போட்டிருப்பான். நம் ஆட்கள் அஞ்சு பேர் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு ரகம், பந்து போன அதே காலில் திரும்பும். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப் போட்டுக்கொண்டு, ஃபுல் பேக்கை நோக்கி நேராக ஓடாமல் சற்றுக் கோணலாக ஓடும். நடுப்பக்கம் அடைபட்டுவிடும், அவனுக்கு மிச்சம் இருப்பது சைடு லைன் மட்டும். பந்து லைனுக்குப் போகும், அங்கே நம் ஹாஃப் காத்திருப்பான். ஃபார்வர்டு பந்தைத் தொடவே இல்லை. மறுநாள் பேப்பரில் அவன் பெயரும் வராது. வீடியோ பார்க்கிற கோச்சின் நோட்டில் வரும்.

கோல் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2024-25 ஹாக்கி இந்தியா லீக்கில் 24 பேர் அணியில் 8 பேர் வெளிநாட்டுக்காரர்கள். பெல்ஜியத்துக்காரனோ டச்சுக்காரனோ தட்டில் வைத்துக் கொடுக்கிற பந்தைத் தள்ளிவிடுவது ஒரு திறமைதான். இந்திய அணியில் அந்தத் தட்டை நீயே கழுவி எடுத்துவர வேண்டும். (2016, 2017 லீக்கில் ஒரு ஃபீல்டு கோலுக்கு, அதாவது பெனால்டி எதுவும் இல்லாமல் ஓடுகிற ஆட்டத்தில் அடித்த கோலுக்கு, இரண்டு கோல் என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்து இன்னும் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.)

அப்புறம் ஓட்டம். ஆட்டம் 15 நிமிடமாக நாலு குவார்ட்டர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால், ஃபார்வர்டு நாலைந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போவான். முதல் குவார்ட்டரில் ஓடியதுபோல 58-வது நிமிடத்திலும் ஓடுகிறானா என்பதுதான் கேள்வி. கேம்பில் யோ-யோ டெஸ்ட் வைப்பது இதற்குத்தான். 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், பீப் சத்தம் முந்திக்கொண்டே வரும். எத்தனை கோல் என்று அந்த மெஷின் கேட்காது.

கேள்வி: ஒலிம்பிக்குக்கு 16 பேர், உலகக் கோப்பைக்கு 18. இரண்டு பேர் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம்?

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 18 பேர் என்றால் இரண்டாவது கோல்கீப்பரைக் கூட்டிப் போகலாம், ஒரே வேலை தெரிந்த ஆளுக்கும் இடம் இருக்கும். 16 என்றால் ஒவ்வொருத்தனும் இரண்டு மூன்று வேலை பார்க்க வேண்டும்.

பாரிஸ் 2024 பட்டியலை எடுங்கள். கீப்பர் ஸ்ரீஜேஷ் ஒருவர்தான். இன்னொரு கீப்பர் பாதக் மாற்று வீரர் பட்டியலில். பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசுகிற டிராக் ஃபிளிக்கை நம்பியே வாழ்கிற ஜுக்ராஜ் சிங்கும் அதே பட்டியலில்தான். ஏன்? ஹர்மன்பிரீத் இருக்கிறார், 10 கோல் அடித்து அந்த ஒலிம்பிக்கிலேயே முதலிடம். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஃபிளிக் அடிக்க அமித் ரோஹிதாஸ் இருந்தார். ரோஹிதாஸ் டிஃபென்ஸும் ஆடுவார். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்வதும் அவர்தான். ஒரு சட்டைக்குள் மூணு ஆள்.

அந்த மூணு ஆளும் ஒரே நேரத்தில் காணாமல் போனால்? காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். ஷூட் அவுட்டில் 4-2 என்று தப்பித்தோம். தடை காரணமாக அரையிறுதியில் அவர் இல்லை, 15 பேரோடு ஜெர்மனியிடம் 3-2 தோல்வி. அவர் இருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை. முதல் ரஷர் இல்லாத கார்னர் டிஃபென்ஸை அன்று பார்த்தவர்களுக்கு, தேர்வாளர் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்று புரிந்திருக்கும்.

வெளியே நிற்கிறவனை ஏளனமாக நினைக்க வேண்டாம். டோக்கியோவில் கொரோனா காரணமாக மாற்று வீரர்களையும் களமிறக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படி உள்ளே வந்தவர்தான் சிம்ரன்ஜீத் சிங். ஜெர்மனியை 5-4 என வென்ற வெண்கலப் போட்டியில் இரண்டு கோல் அவருடையது.

கேள்வி: ஹாக்கி நம் தேசிய விளையாட்டு. அப்படியிருந்தும்...

இல்லை. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அரசு அறிவித்ததில்லை. 2012-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலிலேயே இது இருக்கிறது. அடுத்தது.

கேள்வி: ஜூனியர் கேம்பில் பெயர் சேர்க்க ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். மாநில அணியில் ஆடி, தேசியப் போட்டியில் கண்ணில் பட்டு, பட்டியலில் பெயர் வந்து, பெங்களூரு சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையத்தில் ட்ரையல்ஸ் ஆடுவதுதான் வழி. இடையில் கல்லாப்பெட்டி எங்கும் கிடையாது. இதே ஆள் அடுத்து பிறந்த தேதியை இரண்டு வருஷம் குறைக்கச் சொல்வார். அதைச் செய்தீர்களானால் பிள்ளைக்கு நீங்களே குழி தோண்டுகிறீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினஞ்சு வயசு, லெஃப்ட் அவுட் ஆடுறா. பொண்ணுங்களுக்கு இதுல எதிர்காலம் இருக்காங்க சார்?

முன்னைக்கு இப்போது இருக்கிறதம்மா. 2025 ஜனவரியில் பெண்களுக்கும் தனி லீக் தொடங்கியாயிற்று, நாலு அணிகள். முதல் கோப்பை ஒடிசா வாரியர்ஸுக்கு. இந்திய மகளிர் அணி டோக்கியோவில் நாலாவது இடம். பாரிஸுக்குத் தகுதியே பெறவில்லை, ராஞ்சியில் ஜப்பானிடம் ஒரே ஒரு கோலில் போச்சு. மறுபடி கட்டி எழுப்புகிறார்கள், அதனால் இளம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓர ஃபார்வர்டு என்றால், ஸ்டிக்கைத் திருப்பி அடிக்கிற ரிவர்ஸ் ஸ்டிக் பலமாக இருக்கிறதா பாருங்கள். இடது பக்கத்தில் வலது கை அடியையே நம்பினால், பந்தை உள்ளே திருப்புவதற்குள் டிஃபெண்டர் வந்துவிடுவாள். தொடைப் பின்தசை இறுகுது என்று சொன்னால் மட்டும் அன்றைக்கு ஓட விடாதீர்கள்.

கேள்வி: பாரிஸ் அணியில் தமிழன் ஒருத்தன்கூட இல்லை. பாதிப் பேர் பஞ்சாப். இதுக்கு என்ன சொல்றீங்க?

இது வரும் என்று தெரியும். கணக்கு சரிதான்: 16-ல் எட்டுப் பேர் பஞ்சாப், தெற்கிலிருந்து ஸ்ரீஜேஷ் மட்டும்.

ஒதுக்குகிறார்கள் என்றால் 2022 ஆசியக் கோப்பைக்குக் கோவில்பட்டி மாரீஸ்வரனையும் அரியலூர் கார்த்தியையும் ஏன் எடுத்தார்கள்? ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்த அணியிலும் இருந்தார். கதவு பூட்டியில்லை. கதவு வரை வருகிற கூட்டம்தான் குறைவு.

எனக்குத் தெரிந்த காரணம் தரை. நம் பையன் பதிமூணு பதினாலு வயசு வரை செம்மண் மைதானத்தில் ஆடுகிறான். அங்கே பந்து துள்ளும். அதனால் நிமிர்ந்து நின்று, பந்தை நிறுத்தி, பிறகு அடிக்கப் பழகுகிறான். டர்ஃப் என்கிற செயற்கைத் தரையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அதில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். முழங்கால் மடக்கி, இடுப்பை இறக்கி, நிறுத்தாமலே திருப்பிவிட வேண்டும். பதினாறு வயசில் டர்ஃபுக்கு வருகிறபோது கை ஒரு பழக்கத்தில் இறுகிப்போயிருக்கும். ஜலந்தரில் பத்து வயசிலேயே அவன் குனிந்து ஆடுகிறான்.

(அதே ஆள்): டர்ஃப் ஒரு சாக்கு. பாஸ்கரன் எந்த டர்ஃப்ல வளர்ந்தார்?

பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கியது 1980. ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததே 1976-ல். அன்றைக்கு இந்தியா முழுக்க மண்ணில்தான் வளர்ந்தது, எல்லோருக்கும் ஒரே குறை. இன்றைக்கு நமக்கு மட்டும் குறை.

(வேறொருவர்): தன்ராஜ் பிள்ளையை விட்டுட்டீங்களே?

தன்ராஜ் பிறந்து வளர்ந்து ஸ்டிக் பிடித்தது புனேக்குப் பக்கம் கட்கியில். வீட்டில் தமிழ் பேசினால் போதுமென்றால் அவரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் ஆடம் சின்க்ளேரைச் சொல்லுங்கள், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடியவர்.

(மறுபடி முதல் ஆள்): அப்ப நம்ம பசங்க மேல தப்பே இல்லைங்கிறீங்களா?

இருக்கிறது. கேட்டதால் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். இருபது இருபத்தொரு வயசில் ரயில்வேயிலோ பேங்கிலோ போலீஸிலோ வேலை கிடைக்கிறது. கிடைத்ததும் ஓட்டம் நின்றுபோகிறது. காலையில் ஒரு மணி நேரம் பிராக்டிஸ், மிச்சம் ஆபீஸ், வருஷத்துக்கு நாலு டோர்னமென்ட். எனக்கும் அதுதான் நடந்தது.

(ஒரு பெண்): எங்க அண்ணனும் அப்படித்தான் வேலைக்குப் போனான். அப்பா படுத்த படுக்கை. கேம்ப் போய் ஓடுன்னு யார் சொல்வாங்க அன்னைக்கு?

நீங்கள் சொல்வது சரி தங்கச்சி. சோற்றுப் பிரச்சினை முன்னால் வந்தால் டர்ஃபாவது யோ-யோவாவது. வேலை வாங்கியதைக் குறை சொல்லவில்லை. வேலை கொடுக்கிற இடம் கேம்புக்கு லீவு கொடுக்கிறதா, டர்ஃபில் தினம் ஆட விடுகிறதா என்று கேட்க வேண்டும். நான் வாயைத் திறந்த விதம் தப்பு.

(இதற்குக் கீழே நாற்பது பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்துவிட்டேன். பஞ்சாபிகளைத் திட்டுகிறவர்களுக்குப் பதில் இல்லை.)

கேள்வி: ஐஸ் ஹாக்கி அணிக்குத் தேர்வு எப்படி?

எனக்கும் ஐஸுக்கும் உறவு சுளுக்குக்கு ஒத்தடம் கொடுப்பதோடு சரி. லடாக்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: லீக் ஏலத்துல போனாத்தான் தேர்வாளர் கண்ணுல படுவோமா அண்ணே? எனக்கு 23, துறை அணியில ஆடுறேன்.

ஏலம் உதவும். 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனார், அடிப்படை விலையோ இரண்டு லட்சத்தில் தொடங்கியது. நீ நினைக்க வேண்டியது அந்த இரண்டு லட்சத்து வரிசையை. ஆனால் கதவு சீனியர் நேஷனல்ஸ்தான் தம்பி. 2025 முதல் அணிகளை ஏ, பி, சி எனப் பிரித்து, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் வைத்திருக்கிறார்கள். ஏ பிரிவில் ஆடுகிற ஆட்டத்துக்கு மதிப்பு வேறு. சென்னையில் முருகப்பா தங்கக் கோப்பை, கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பை, இரண்டையும் விடாதே. அங்கே பெரிய அணிகள் வரும், நீ யாரை மடக்கினாய் என்பது பேசப்படும். தொடைப் பின்தசையில் வலி இருந்தால் மறைக்காதே.

கேள்வி: கோல் அடித்தும் ஒரு வீரரை ஏன்...

முதல் கேள்வி. மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி: சார், நல்ல ஃபார்ம்ல இருக்கிற ஸ்ட்ரைக்கரை...

மேலே.

கேள்வி: 2026-ல் உலகக் கோப்பை ஆகஸ்ட் 30 வரை, ஆசிய விளையாட்டு செப்டம்பர் 19-ல் தொடக்கம். ஒரே அணியை இரண்டுக்கும் அனுப்பலாமா?

நல்ல கேள்வி, இன்றைக்கு இரண்டாவது நல்ல கேள்வி. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இரண்டு வாரம் அடிபட்டுவிட்டு, மூணு வாரத்துக்குள் ஜப்பான். ஆசிய விளையாட்டில் தங்கம் என்றால் 2028 லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடி டிக்கெட், அதனால் இரண்டாம் அணியை அனுப்பிக் கைகழுவ முடியாது. நானாக இருந்தால் கீப்பர், நடு டிஃபென்ஸ், ஃபிளிக்கர் இவர்களை மாற்ற மாட்டேன். ஃபார்வர்டு வரிசையில் பாதியைப் புதிதாகப் போடுவேன். அதிகம் தேய்வது அவர்கள் கால்கள்தான், முதலில் பிடித்துக்கொள்வதும் அவர்கள் பின்தசைதான்.

கேள்வி: அதென்ன அண்ணே, எதைக் கேட்டாலும் பின்தசையிலேயே வந்து நிக்கிறீங்க?

இருபத்திரண்டு வயசில் ஒரு ட்ரையல்ஸுக்குக் கூப்பிட்டார்கள். மூணு நாள். போவதற்கு முந்தின வாரமே வலது தொடையின் பின்னால் சுருக்கென்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தைலத்தைத் தேய்த்து, மேலே கிரேப் பேண்டேஜைச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு ஷார்ட்ஸ் போட்டேன். முதல் நாள் நன்றாகவே போனது, ஒரு தேர்வாளர் என் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் காலை, ஒன்றுமில்லாத ஒரு பந்து, லைனைத் தாண்டுவதற்குள் பிடிக்க ஓடினேன். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை.

சென்னை வரை ரயிலில் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன், சீட் இருந்தும். உட்கார முடியவில்லை.