மேக்புக் வேண்டாம் அண்ணாச்சி, செயினையும் தொடாதீங்க

போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் என் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா தச்சநல்லூரில் கிரில் பட்டறை நடத்துகிறார். அம்மா கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மகளின் மார்க் ஷீட், கல்லூரியில் பணம் கட்டிய ரசீது, லேப்டாப் கடையில் எழுதி வாங்கிய விலைச்சீட்டு. மகளுக்கு மெக்கானிக்கலில் இடம் கிடைத்திருக்கிறது.

"டிசைன் பக்கம் போகணும்னா மேக்புக் இல்லாம முடியாதுன்னு பெங்களூர்ல இருக்க என் தம்பி சொல்லுதான் சார். 1,70,000 ஆகுமாம். பாதி அவன் போடுதேங்கான். மிச்சத்துக்கு இந்தச் செயினை வச்சிரலாம்னு இருக்கோம்" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் பேசாமல் விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இது போதாதென்று பெரியப்பா ஒருவர் தினமும் போன் போட்டு, பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே வாங்கிவிடலாம் என்கிறாராம்.

பயப்படாதீங்க, பார்த்துக்கலாம் என்று ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன். செயின் பேச்சு இரண்டாம் தடவை வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்குச் சொன்னதையும், அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி விலைச்சீட்டோடு நிற்கும் மற்ற வீடுகளுக்கும் ஆகும்.

அண்ணாச்சி, முதலில் பெரியப்பா விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் மகள் ஒரு கிராஃப் நோட்டை எடுத்துக் காட்டினாள். நீங்கள் போன வருடம் செய்த தள்ளு கேட்டை முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று தோற்றமாக வரைந்திருந்தாள். பட்டறையில் நீங்கள் இஞ்சும் நூலுமாகச் சொன்ன அளவையெல்லாம், ஒரு நூலுக்கு, அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்கு, 3.175 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு மாற்றி எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். "ஒரு அளவை மாத்துனா எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போடணும் சார், அதான் கடுப்பா இருக்கு" என்றாள். இந்த வயதில் இப்படி ஒரு கடுப்பு வருகிற பிள்ளையை வேறு பாடத்துக்கு இழுக்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான். அவள் அதைக் கேட்கவில்லை. அடுத்த தடவை பெரியப்பா போன் போட்டால் அந்த நோட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

அவளுடைய கடுப்பைத் தீர்க்கிற மென்பொருள்களில் ஒன்றுதான் சாலிட்வொர்க்ஸ். 1995-இல் வந்தது. எந்த அளவு எதைச் சார்ந்தது என்று ஒழுங்காக உறவு கொடுத்து வரைந்திருந்தால், கேட்டின் அகலத்தை 10 அடியிலிருந்து 12 அடி என்று ஓர் இடத்தில் மாற்றினால் போதும். கம்பிகளின் இடைவெளி, பைப்பின் வெட்டு நீளம், டிராயிங் ஷீட்டில் உள்ள அளவுகள், எத்தனை கம்பி வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் தானே மாறிவிடும். தகட்டை வளைத்துச் செய்கிற பொருள் என்றால், வளைக்கும் முன் எவ்வளவு தகடு வெட்ட வேண்டும் என்பதையும் விரித்துக் காட்டும். நீங்கள் இத்தனை வருடமாக மனக்கணக்கில் செய்கிற வேலை அது.

உங்கள் மச்சினன் சறுக்கியது இங்கேதான். சாலிட்வொர்க்ஸ் மேக்கில் ஓடாது. இதே வேலைக்கான இன்வென்டர், சாலிட் எட்ஜ் இரண்டும் அப்படியே. கட்டடக்காரர்களின் ரெவிட்டுக்கும் விண்டோஸ்தான் வேண்டும். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருப்பதெல்லாம் அதில் இல்லை. மெக்கானிக்கல் பக்கம் பெயர் சொல்லும்படி மேக்கில் ஓடுகிறவற்றில் ஒன்று ஃபியூஷன். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியது. அதற்கு முந்தைய மேக்கில் பூட் கேம்ப் போட்டு விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளலாம். புதியதில் அந்த வழியே கிடையாது. பேரலல்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஆர்ம் விண்டோஸை (ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ், ஆப்பிள் சிப்பும் அந்த வகைதான்) போட்டு அதில் சாலிட்வொர்க்ஸைத் திறந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அது மக்கர் பண்ணினால் கேட்க ஆள் கிடையாது, ஏனென்றால் மென்பொருள் நிறுவனம் அந்த முறையை ஆதரிக்கவில்லை. விண்டோஸ் என்று எழுதியிருந்தாலும், அதே ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்பை இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

மச்சினன் பொய் சொல்லவில்லை. அவர் ஆபீசில் டிசைனர் என்றால் ஆப் திரை வரைகிறவர், வீடியோ வெட்டுகிறவர். அவர்களுக்கு மேக் நல்ல கருவி. டிசைன் என்று இவளும் அவரும் சொல்வது ஒரே வார்த்தையை, ஆனால் வேறு வேறு வேலையை.

விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் பற்றியும் அவளே கேட்டாள். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்களோ தெரியாது. லினக்ஸில் ஃப்ரீகேட் என்ற வரைமென்பொருள் இலவசமாக ஓடும். 2024 நவம்பரில்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது, பழகிக்கொள்ள நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேலை கேட்டுப் போகிற இடத்தில் சாலிட்வொர்க்ஸ் ஃபைலை நீட்டுவார்கள். லினக்ஸை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

கடைக்காரர்கள் காட்டுகிற கேமிங் லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வேலை நடக்கும், ஃபேன் சத்தமும் சேர்ந்து நடக்கும்.

நான் சொல்ல வந்தது, யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று. பழைய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப். லெனோவோ திங்க்பேட் பி வரிசை, டெல் பிரெசிஷன், எச்பி இசட்புக். பெரிய கம்பெனிகள் இன்ஜினீயர்களுக்கென்று குத்தகைக்கு எடுத்து, சில வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிற மெஷின்கள். துடைத்துச் சரிபார்த்து ரீஃபர்பிஷ்டு என்று விற்பார்கள். பார்க்க அழகு கிடையாது. இரண்டரைக் கிலோ இருக்கும், சார்ஜர் செங்கல் மாதிரி. ஆனால் இவை செய்யப்பட்டதே இந்த வேலைக்குத்தான். உள்ளே இருக்கும் குவாட்ரோ கிராபிக்ஸ் கார்டுகள் சாலிட்வொர்க்ஸ் நிறுவனமே சோதித்துச் சான்று கொடுத்த வகை. ரியல்வியூ என்று உலோகத்தை உலோகமாகவே காட்டும் வசதி அந்த மாதிரி கார்டு இருந்தால்தான் ஒழுங்காக வரும்.

திங்க்பேட் பி52, பிரெசிஷன் 7530, இசட்புக் 15 ஜி5 ஆகியவை 2018-இல் வந்தவை. அதற்குக் கீழே போகாதீர்கள். காரணம், விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடுத்த வருடத்து பி53, 7540 கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் பெரும்பாலும் நான்கு ராம் ஸ்லாட் இருக்கும். இப்போது 16 ஜிபியோடு வாங்கி, மூன்றாம் வருடம் பல பாகங்களைச் சேர்த்து வரைகிற பெரிய அசெம்பிளி வரும்போது 32 ஆக்கிக்கொள்ளலாம். மேக்புக்கில் வாங்கிய அன்றைக்கு எவ்வளவோ அவ்வளவுதான், பிறகு கூட்ட முடியாது. சிப் பார்க்கும்போது எத்தனை கோர் என்பதைவிட வேகத்தைப் பாருங்கள். மாடல் வரையும்போது ஒரு கோர்தான் பெரும்பாலும் உழைக்கும்; ரெண்டரிங் (நிஜப்படம் மாதிரி ஆக்குவது), சிமுலேஷன் (பாரம் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பது) என்று போனால்தான் மற்றவை எழுந்து வரும். எண் பலகை தனியாக உள்ள கீபோர்டா என்றும் பாருங்கள், நாள் முழுக்க அளவு தட்டுகிற வேலை இது. 4கே திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐகான் எல்லாம் எள்ளு மாதிரி தெரியும், பேட்டரியையும் குடிக்கும்.

வாங்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. என் தங்கை மகனுக்கு ஒன்று வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். கடை பேர் எதற்கு. வீட்டுக்கு வந்து விண்டோஸை மறுபடி ஏற்றப் போனால், விண்டோஸுக்கு முன்னாலேயே எழும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டது. பழைய கம்பெனி போட்ட பூட்டு. கடைக்காரர் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. அதனால் கடையிலேயே, உங்கள் கண் முன்னால், பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். அப்புறம் விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் இணையத்தைக் கொடுத்துத் தொடங்குங்கள். ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னால், புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தையும் கேளுங்கள். கீல் இரண்டையும் நீங்களே ஆட்டிப் பாருங்கள் அண்ணாச்சி, கீல் விஷயத்தில் கடைக்காரரைவிட உங்களுக்குத் தெரியும்.

ஜிஎஸ்டி பில், எழுத்தில் வாரண்டி, ஒரிஜினல் சார்ஜர் மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே கிடைக்காவிட்டால் ஒரு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சென்னை எழும்பூரில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஆட்டோதான். மகளையும் கூட்டிப் போங்கள். அவள் மெஷின், அவள் தட்டிப் பார்க்கட்டும்.

பணம். 45,000 ரூபாய் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. அதையும் இந்த மாதம் செலவழிக்க வேண்டாம். முதல் வருடத்தில் பெரும்பாலான கல்லூரிகளில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடங்கள்தான்; இன்ஜினீயரிங் கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடத்துக்கு டிராஃப்டரும் ஷீட்டும் பென்சிலும் போதும், புரோகிராமிங்குக்கு லேப் இருக்கிறது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வாங்கினால் போதும். மாதம் நாலாயிரம் என்று பட்டறைப் பணத்திலேயே சேர்த்துவிடலாம். செயினை அடகு வைத்து லேப்டாப் வாங்கினால் லேப்டாப் விலை இறங்கும், வட்டி ஏறும். அம்மா, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன், இங்கேயும் அதையே சொல்கிறேன்: கழற்றாதீர்கள்.

அதுவரை அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பட்டறையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்றீர்களே. ஆன்ஷேப் என்று ஒரு வரைமென்பொருள், பிரவுசரிலேயே ஓடும். சாலிட்வொர்க்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹிர்ஷ்டிக் பிறகு வேறு சிலரோடு சேர்ந்து உருவாக்கியது. இலவசத் திட்டத்தில் வரைவதை ஊரே பார்க்கலாம், அதனால் வாடிக்கையாளர் வேலையை அதில் போடக் கூடாது. பழக அது போதும். கல்லூரி அடையாள அட்டை வந்ததும், ஆட்டோகேட், இன்வென்டர், ஃபியூஷன் செய்கிற ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள்களை மாணவர் கணக்கில் இலவசமாக எடுக்கலாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ் மாணவர் உரிமம் பற்றிக் கல்லூரியில் கேட்கட்டும். அதில் வரைந்த ஃபைலில் கல்விப் பயன்பாட்டுக்கு என்ற முத்திரை இருக்கும், காசுக்குச் செய்கிற வேலைக்கு ஆகாது. பென்டிரைவில் கிராக், அதாவது பூட்டு உடைத்த திருட்டு மென்பொருள், கொண்டுவந்து தருகிற சீனியர் கண்டிப்பாக ஒருவர் வருவார். வைரஸும் சேர்ந்து வரும். வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பெங்களூர் மாமா மனசு நோகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அவர் கொடுக்க நினைத்த பாதிப் பணம் தேவையில்லை. ஒரு 24 இஞ்சு மானிட்டரும், நடுச்சக்கரத்தை அழுத்தினால் பட்டனாக வேலை செய்கிற நல்ல மவுஸும் வாங்கித் தரட்டும். மாடலைத் திருப்பிப் பார்க்க அந்தப் பட்டன்தான். ஒரு திரையில் மாடல், இன்னொன்றில் டிராயிங் என்று வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

மேசையை மட்டும் கடையில் வாங்காதீர்கள். அவள் வரைந்து கொடுக்கட்டும், ஒரு இஞ்சு ஸ்கொயர் பைப்பில் நீங்கள் வெல்டிங் வையுங்கள். உயரத்தை நூல் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், பட்டறைப் பையன்களுக்கு மில்லிமீட்டர் புரியாது.