சிங்கப்பூர் காரில் மலேசியா போகும்போது டோல் எப்படிக் கட்டுவது? ரொக்கம் கொடுக்கலாமா?

ரொக்கம் எடுபடாது. ஜொகூரிலிருந்து வடக்கே போகும் பிளஸ் நெடுஞ்சாலையில் காசு வாங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. 'டச் அண்ட் கோ' கார்டில் பணம் போட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மலாக்காவுக்கு இறங்கும் ஆயர் குரோ டோல் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் அநேகமாக முதல் தடவையாக, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் போகிறீர்கள். நானும் அப்படித்தான் மலாக்காவுக்குப் போனேன். பின் சீட்டில் மனைவி, பிள்ளைகள். முன் சீட்டில் சகலை, "எனக்கு வழியெல்லாம் அத்துப்படி" என்று ஏறிக்கொண்டவர்.

கார்டில் 40 ரிங்கிட் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன். ஜொகூர் பாரு குடிநுழைவிலேயே 20 ரிங்கிட் போய்விட்டது. வெளிநாட்டுக் கார்களிடம் 2016 முதல் வாங்கும் சாலைக் கட்டணம் அது. டோல் வேறு, இது வேறு. ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் உண்டு.

நெடுஞ்சாலையில் ஏறும் ஸ்கூடாய் டோலில் கார்டைத் தட்டினேன், தடுப்பு திறந்தது. அங்கே நாம் ஏறிய இடம் மட்டும்தான் கார்டில் பதிவாகிறது. இறங்கும் இடத்தில்தான் தூரத்துக்குத் தக்கபடி பணம் கழியும். இது அப்போது எனக்குத் தெரியாது. 'இதுகூடத் தெரியாமலா காரை எடுத்தாய்' என்று யாராவது வருவீர்கள். சாலைக் கட்டணம் இ.ஆர்.பி. வளைவுக்குக் கீழே போனால் தானாகக் கழிந்துவிடும் சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவன் ஐயா நான்.

ஆயர் குரோவில் இறங்கும்போது சகலை என் மனைவியின் கார்டை வாங்கி நீட்டினார். "சகலை, உங்க கார்டுல ஒண்ணும் இருக்காது, இதைத் தட்டுங்க." காரை ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருந்தேன், கை எட்டவில்லை. கதவைத் திறந்தால் சிமெண்ட் மேடையில் இடிக்கிறது. சீட் பெல்ட்டைக் கழற்றி, பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுத் தட்டினால் சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. பின்னால் ஒரு லாரி ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

நாங்கள் தமிழில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே டோல் ஊழியர் ஒருவர் வந்தார். "அண்ணே, உள்ள வந்தப்ப எந்த கார்டு தட்டுனீங்க?" அப்போதுதான் உறைத்தது. மனைவியின் கார்டில் பணம் இருந்தது, ஏறிய பதிவு இல்லை. என் கார்டில் பதிவு இருந்தது, பணம் போதவில்லை. அதில் அவரே பணம் ஏற்றிக்கொடுத்து அனுப்பினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

கடிந்தது சகலைதான். "கெளம்புறப்பவே பாத்திருக்க வேணாமா?" டோல், பெட்ரோல், மதியச் சாப்பாடு எல்லாம் என் கணக்கு, போகும்போதும் வரும்போதும் பர்ஸை வெளியே எடுக்காத மனிதர். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. போகட்டும்.

சரி, உங்களுக்கு. ஏறும்போது தட்டிய அதே கார்டை இறங்கும்போதும் தட்டுங்கள். நான் இப்போது 100 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். அதிகம் என்பவர்கள் லாரிக்கு முன்னால் ஒரு நாள் நின்று பாருங்கள். வெளிநாட்டுக் கார்களுக்கான நுழைவு அனுமதி, அந்த வி.இ.பி. பட்டை ஒட்டியாகிவிட்டதா? 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். பட்டை இருப்பதால் டோல் தானாகக் கழியும் என்று நம்பிக் கார்டை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

டாங்கில் முக்கால் அளவு பெட்ரோல் இல்லாமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் போகாதீர்கள், அது நம்மூர்ச் சட்டம். அந்தப் பக்கம் போய் நிரப்பினால் மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள்; அதில் வரும் ஆர்.ஓ.என். 95 ரகப் பெட்ரோல் வெளிநாட்டுக் கார்களுக்குக் கிடையாது. அப்புறம் டச் அண்ட் கோ கார்டு வாங்கும்போது, போனோடு ஒட்டிவைத்தால் படிக்கும் என்.எஃப்.சி. வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். போனிலேயே பணம் ஏற்றலாம், மீதி எவ்வளவு என்றும் பார்க்கலாம். என்னிடம் அன்றைக்கு இருந்தது பழைய கார்டு.