அடக்கச் சொல்லல தம்பி – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். திருவிழாவுல சாமி ஊர்வலம் எங்க காலனித் தெருவுக்கும் வரணும்னு இந்த வருஷம் கேட்டோம், அதுலேர்ந்தே ஊருக்குள்ள பிரச்சனை. போன வாரம் எங்கூடப் படிச்சவனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எங்க சாதியக் கேவலமா எழுதிப் போட்டான். நாலஞ்சு பேரு அவன் வீட்டுக்குக் கெளம்பிட்டோம், அம்மாதான் வாசல்ல நின்னு மறிச்சாங்க. பெரியவங்க கோவத்த அடக்குங்கடாங்கறாங்க. எத்தன நாளைக்கு அடக்குறது? (பேர் போட வேண்டாம்)

தம்பி,

அடக்குன்னு நான் சொல்ல மாட்டேன். இதப் படிச்சிட்டு உங்களுக்குக் கோவம் வரலன்னாதான் நான் கவலப்படுவேன். ஆனா அந்தக் கோவம் எந்த ராத்திரி எந்த வாசல்ல வெடிக்கணும்னு ஸ்டேட்டஸ் போட்டவன் முடிவு பண்றான் பாருங்க, அத விட்டுக் குடுக்காதீங்க.

1927 மார்ச் 20, மகாராஷ்டிராவுல மகாட். ஆடு மாடு குடிக்கிற சவுதார் குளத்துல தலித் மக்கள் குடிக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோட போயி அந்தத் தண்ணியக் குடிச்சாரு. அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள்ள நுழையப் போறாங்கன்னு ஆதிக்க சாதிக்காரங்க புரளியக் கெளப்பி, பந்தல்ல சாப்பிட்டுட்டு இருந்தவங்களத் தடியால அடிச்சாங்க. அம்பேத்கரோட வந்தவங்கள்ல பட்டாளத்துல இருந்தவங்களும் உண்டு, திருப்பி அடிக்கத் தெம்பும் இருந்துச்சு ஆளும் இருந்துச்சு, அம்பேத்கர் ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவர் சொல்லல. போலீஸ்ல புகார் குடுத்தாரு, கேஸ் நடந்து அடிச்சவங்கள்ல சிலருக்கு நாலு மாசம் கடுங்காவல் கெடச்சது. அதுக்காகக் கோவம் தணிஞ்சு போச்சுன்னு நெனச்சிராதீங்க, அதே வருஷம் டிசம்பர் 25 அதே ஊர்ல மனுஸ்மிருதியக் கொளுத்துனாங்க. எதக் கொளுத்தணும், எப்பக் கொளுத்தணும்னு அவங்களே முடிவு பண்ணுனாங்க. குளத்துல தண்ணி எடுக்குற உரிமை பத்துன வழக்குல பாம்பே ஹைகோர்ட் இவங்க பக்கம் தீர்ப்பு சொன்னது 1937ல. பத்து வருஷம்! அவ்வளவு லேட்டானது நியாயம்னு நான் சொல்லவே மாட்டேன்.

நீங்க அன்னிக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு பக்கமும் கேஸ், அவங்க ஒரு கவுன்டர் கேஸ் குடுப்பாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ராஜி ஆயிருங்கன்னு உக்கார வைப்பாங்க. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் சமாதானக் கூட்டத்துல சட்டம் ஒழுங்குன்னு சொல்லித் திருவிழாவையே நிறுத்துவாங்க, உங்க ஊர்வலக் கோரிக்கைய அப்புறம் யாரும் பேச மாட்டாங்க. அவனுக்கு வேண்டியதும் அதானே.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவங்க யாராவது இருப்பாங்க, நம்பரும் நேரமும் தெரியற மாதிரி வாங்கி வைங்க, பாத்தவங்க ரெண்டு பேரு சாட்சி சொல்லுவாங்களான்னு கேளுங்க. பட்டியல் சாதி மக்கள் மேல எழுத்து மூலமா வெறுப்பக் கெளப்புறது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குத்தம். விசாரணையும் டிஎஸ்பிக்குக் கொறஞ்ச ரேங்க்ல பண்ணக் கூடாது. ஸ்டேஷன்ல புகார் வாங்கலன்னா எஸ்பிக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க.

பெரியவங்க மேல கோவப்படாதீங்க. ஒரு அடிதடிக்குப் பின்னாடி ஊரே என்ன பாடு படும்னு பாத்தவங்க அவங்க, அந்தப் பயத்துலதான் அடக்குன்னு சொல்றாங்க. ஊர்வலம் கேட்டு மனு குடுக்கும்போது அவங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, ஆர்டிஓ முன்னாடி உங்க அம்மாவும் வந்து நிக்கட்டும்.

ராத்திரி அந்த நாலஞ்சு பேரோட உக்காந்து திரும்பத் திரும்ப அதையே பாக்குறத மட்டும் நிறுத்துங்க, ஒருத்தர் கோவத்த இன்னொருத்தர் ஏத்தி விடறதுலதான் கை ஓங்குது. அந்த நேரத்துல புகார எழுத உக்காருங்க. தேதி, நேரம், அவன் எழுதுன வார்த்த அப்படியே இருக்கட்டும். எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, வக்கீல் நண்பர்கிட்டக் காட்டித் திருத்தித் தரேன்.