எண் போட்ட கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பாடம் மலாயில்தான் நடக்கிறது. இந்த மாதம் தமிழ் மொழிக் கழகத்தில் படிவம் நான்கு மாணவர்களுக்குக் கணினி வலையமைப்பு பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பாடநூலைத் திறந்தால் லேன், மேன், வேன் என்று வலையமைப்பு வகைகளின் வரையறைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது வரையறையிலேயே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சரி, மனிதத் தொடர்பின் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் புகை, முரசு, புறா, தந்தி, தொலைபேசி, இணையம் என்று ஏணிப்படி மாதிரி ஒரு படம்தான் கிடைக்கிறது. வேகம் கூடிக்கொண்டே போனது என்பதைத் தவிர அதில் வேறு கதை இல்லையா? இணையம் என்பது வேகமான தந்திதானா?

மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்தேன். அணுகுண்டுக்குப் பயந்து அமெரிக்க ராணுவம் செய்ததுதான் இணையம் என்றான் ஒருவன். எல்லாம் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்றாள் இன்னொருத்தி. உங்கள் தாத்தா கப்பலேறி வந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். நம் ஆட்கள் கடல் கடந்து வந்த கதையோடு இதைச் சேர்த்துச் சொல்ல வழி உண்டா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

*

அன்புள்ள டீச்சர்,

அந்த ஏணிப்படி படம் எனக்கும் பிடிக்காது. அது சொல்லும் வேகக் கதை நம் ஊரைப் பொறுத்தவரை 1870-லேயே முடிந்துபோன ஒன்று. அந்த ஆண்டுதான் மதராஸிலிருந்து பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அதுவரை கப்பலில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த சேதி, அதன்பிறகு அன்றைக்கே வந்தது. இணையம் வந்தபோதுகூட அவ்வளவு பெரிய தாவல் நடக்கவில்லை.

அந்தக் கம்பியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் செம்புக் கம்பியை அப்படியே போட்டால் மின்சாரம் கசிந்துவிடும். அதற்கு மேலுறையாக ஆனது மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால். கெத்தா பெர்ச்சா என்று பெயர். நம்மவர் ரப்பரைக் 'கித்தா' என்கிறோமே, அதே கெத்தாதான், ஆனால் மரம் வேறு. உலகக் கடல்களுக்குள் போன தந்திக் கம்பிகளுக்கெல்லாம் இந்தப் பக்கத்துக் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். கித்தாத் தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்த மண் தகவல் தொடர்புக்குப் படியளந்துவிட்டது.

ஆனால் தந்தியை இணையத்தின் அப்பா என்று சொல்லிவிடாதீர்கள். தந்தி வேகமானது, அதே அளவு விலையும் கூடியது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் நம் வீடுகளில் சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் தந்தி. தபால்காரர் தந்தியோடு வந்தால், பிரித்துப் படிப்பதற்கு முன்பே உள்ளே யாராவது அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

தொலைபேசி இன்னும் மோசம். என் அம்மா தன் அக்காவுக்கு மன்னார்குடிக்கு டிரங்க் கால், அதாவது வெளியூர்த் தொலைபேசி அழைப்பு, போட்டது எனக்கு நினைவிருக்கிறது. பதிவு செய்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். இணைப்பு கிடைத்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். மூன்று நிமிடத்தில் பேச்சு என்று பார்த்தால் ஒரு நிமிடம் தேறாது. அந்த மூன்று நிமிடமும் பினாங்கிலிருந்து மன்னார்குடி வரை ஒரு முழுப் பாதை அவர்கள் இரண்டு பேருக்காக மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அழுதாலும் பேசாமல் இருந்தாலும் வேறு யாரும் அதில் நுழைய முடியாது, காசும் ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் உங்கள் பாடநூல் சுற்று இணைப்பு முறை என்று சொல்லும்.

கணினிகள் பேசிக்கொள்வதும் அம்மாவின் டிரங்க் கால் மாதிரிதான். ஒரு நொடி கொட்டித் தீர்க்கும், அப்புறம் வெகுநேரம் மௌனம். அந்த மௌனத்துக்கெல்லாம் ஒரு கம்பியை ஒதுக்கி வைத்தால் கட்டுப்படியாகுமா? 1960களில் இதை இரண்டு பேர் தனித்தனியாக யோசித்தார்கள். ஒருவர் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன். இன்னொருவர் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ். விடை ஒன்றுதான்: செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கு, ஒவ்வொரு துண்டின் மீதும் முகவரி எழுது, எல்லாருடைய துண்டுகளையும் ஒரே கம்பியில் கலந்து விடு. துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். தமிழில் பொட்டலம் என்கிறார்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைக் கட்டித் தரும் ஊரில் இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்பினால், பொட்டலம் ஒன்றுக்கு 1,500 பைட் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 2,000 பொட்டலங்களாகத்தான் அது கிளம்புகிறது. உங்கள் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் சினிமாவின் துண்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்.

ஆக, மாற்றம் வேகத்தில் நடக்கவில்லை. நறுக்கியதிலும் பகிர்ந்ததிலும்தான் நடந்தது. ஒரு மணி நேரத்தில் இந்த ஒன்று அவர்கள் மண்டையில் ஏறினால் போதும் என்பேன்.

இனி அந்த அணுகுண்டுப் பையன். அவன் சொன்னது பாதி சரி. விளக்குவதற்கு எம்டனைக் கூப்பிடுங்கள். கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் கொடை. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அக்டோபர் 28 விடியற்காலை நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நின்றுகொண்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்துவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் போனது. அங்கே அது குறிவைத்தது கப்பலை அல்ல, தந்தி நிலையத்தை. இந்தியப் பெருங்கடலின் கம்பிகள் கூடும் ஒரு கணு அது. அந்த ஒன்றைச் சிதைத்தால் போதும், பல ஊர்கள் ஊமையாகிவிடும். ஆனால் எம்டனின் ஆட்கள் கரையில் கால் வைப்பதற்குள் நிலையத்தார், அந்நியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு ஓடிவந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனை நொறுக்கிவிட்டது.

நடுக் கணுவை அடித்தால் வலை முழுக்கச் சாயும் என்ற இந்தக் கவலைதான் பாரனுக்கும். அவர் காலத்தில் எம்டனுக்குப் பதில் அணுகுண்டு. நடுவே தலைவன் இல்லாத, மீன் வலை மாதிரி ஒன்றை வரைந்தார். எந்தக் கணு போனாலும் பொட்டலம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இணையத்தின் முன்னோடியாக 1969-ல் உண்மையில் கட்டப்பட்ட ஆர்பாநெட், அணுகுண்டைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. பணம் பாதுகாப்புத் துறையுடையது, காரணம் சிக்கனம். அங்கே அதிகாரியாக இருந்த பாப் டெய்லரின் அறையில் மூன்று ஊர்க் கணினிகளோடு பேச மூன்று தனித்தனி முனையங்கள் இருந்தன. ஒன்றே போதாதா என்று அவருக்குத் தோன்றியது. கணினிகள் யானை விலை விற்ற காலம், பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொண்டால் மிச்சம். அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. இந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் நிச்சயம் சிரிப்பார்கள்.

அப்புறம் நம் கதையோடு சேர்ப்பது. அதற்குத்தான் தாத்தாவை வைத்திருக்கிறேன்.

தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர், வேலை. பாட்டி ஊரிலேயே இருந்தார். மாதம் ஒரு கடிதம், தலைப்பில் 'உ' போடுவாரோ இல்லையோ, மூலையில் எண் போட்டுவிடுவார். பாட்டி பின்னால் இங்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதக் கட்டையும் கொண்டுவந்தார். இரண்டு பேருடைய கட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது, சேர்த்துப் படித்தால் ஒரு வலையமைப்புப் பாடமே நடக்கிறது.

தாத்தா 40, 41, 42 அனுப்புகிறார். ஒன்றுக்குப் பதில் வரட்டும் என்று அடுத்ததை நிறுத்தி வைப்பதில்லை. பாட்டி எழுதுகிறார்: '41, 42 கிடைத்தன. 40 வரவில்லை.' தாத்தா ஞாபகத்திலிருந்து அதை மறுபடி எழுதி, அதே 40-ஐ எண்ணாகப் போட்டு அனுப்புகிறார். இரண்டு மாதம் கழித்துப் பாட்டி: '40 இரண்டு வந்தது. ஒன்றை அடுப்பில் போட்டுவிட்டேன்.' வரிசை மாறி வந்தால் எண் பார்த்து அடுக்குவது, வராததைக் கேட்டு வாங்குவது, இரண்டாக வந்தால் ஒன்றைக் கழிப்பது. அமெரிக்கக் கணினி அறிஞர்கள் வின்ட் சர்ஃபும் பாப் கானும் 1974-ல் எழுதிவைத்து, 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுக்க நடைமுறைக்கு வந்த டிசிபி நெறிமுறை செய்கிற காரியங்கள் இவைதான். நெறிமுறை என்பது வேறொன்றுமில்லை, தாத்தாவும் பாட்டியும் செய்துகொண்ட இந்த ஏற்பாடு. கம்பியையும் கணினியையும் எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அந்த ஏற்பாடு இல்லையென்றால் அது வலையமைப்பு ஆகாது. (நம் புலவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. தூது நூல்களில் கிளியையோ மேகத்தையோ அனுப்பும்போது சும்மா அனுப்புவதில்லை, தலைவனிடம் மாலை வாங்கி வா என்கிறார்கள். அந்த மாலைதான் ஒப்புகைச் சீட்டு.)

வழியில் இருந்தவர்களையும் சொல்லுங்கள். தோட்டத்துத் தபால் பை பினாங்குக்குப் போகும், அங்கிருந்து கப்பலுக்கு, நாகப்பட்டினத்திலிருந்து ரயிலுக்கு. பினாங்குத் தபால்காரருக்குப் பாட்டியின் தெரு தெரியாது, தெரியவும் வேண்டாம். அடுத்து யார் கையில் கொடுப்பது என்று தெரிந்தால் போதும். திசைவி என்கிற ரவுட்டரின் அறிவும் அவ்வளவுதான். உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கப்பல்காரர் பார்ப்பதில்லை. உள்ளே ஊர்ச் சண்டையோ காதலோ, அவருக்கு எல்லாம் பை. வலையமைப்பின் வேலையைப் பிரித்து, அடுக்கு முறை என்று ஏழு பெட்டி வரைந்து பயமுறுத்துவார்களே, அதை இதிலிருந்து தொடங்கிவிடலாம்.

செயற்கைக்கோள் பெண்ணுக்குப் பதில் எளிது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவின் மிகப் பெரும்பகுதி இன்றும் கடலடிக் கம்பியில்தான் போகிறது, செம்புக்குப் பதில் கண்ணாடி இழை. தைவானுக்குத் தெற்கே 2006 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் வந்து கம்பிகள் அறுந்தபோது இங்கே நம் வீட்டு இணையம் தவழ்ந்தது. சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே இப்போதும் ஒரு கம்பி இருக்கிறது, பே ஆஃப் பெங்கால் கேட்வே என்று பெயர். 1870-ல் போட்ட அதே இரண்டு ஊர். நேர்க்கோட்டில் சுமார் 2,350 கிலோமீட்டர், இழைக்குள் ஒளிக்கு அது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல்.

லேன், வேன் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போதும். பள்ளிக் கணினி அறைக்குள் முடிந்தால் லேன், ஊர் தாண்டினால் வேன். நடுவே ஒரு நகர அளவில் நிற்கும் மேனைக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

வகுப்பில் செய்ய ஒரு விளையாட்டு சொல்கிறேன். ஒரு குறளை எடுத்து ஏழு சீரையும் ஏழு அட்டையில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணும், கடைசி வரிசையில் இருக்கும் ஒரு மாணவன் பெயரும். முன் வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்பட்டும், யார் வழியாகவும் போகலாம். நடுவில் ஒருவனிடம் மட்டும் ரகசியமாக, ஓர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாருக்கும் மனப்பாடமான குறள் வேண்டாம், காணாமல் போன சீரை அவர்களே நிரப்பிவிடுவார்கள்.

அட்டை வரவில்லை என்று தெரிவதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று யாராவது கேட்பார்கள். கேட்டால், அந்தப் பிள்ளையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நல்ல கேள்வி அது. சீக்கிரம் மறுபடி அனுப்பினால் வழியெல்லாம் இரட்டைப் பொட்டலமாக நெரியும், அதிகம் காத்தால் வேலை நிற்கும். தாத்தாவின் கணக்கு இரண்டு கப்பல். இரண்டு கப்பல் வந்தும் பதில் இல்லையென்றால் மறுபடி எழுதுவார்.

அவருடைய 74-ஆம் கடிதம் 1941 நவம்பரில் எழுதியது. டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்துவிட்டான். அப்புறம் கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. பாட்டியின் கடிதக் கட்டில் அதற்கு அடுத்து இருக்கும் கடிதத்தின் தேதி 1945 அக்டோபர். மூலையில் எண் 75. முதல் வரி, '74 கிடைத்ததா?'