கூட்டை விட்டு எழாத கோழி அடைக்கோழிதானா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீட்டின் பின்கட்டில் ஐந்து கிரிராஜா பெட்டைகள் வளர்க்கிறோம். ஒன்று பத்து நாளாக, ஓடு கெட்டியாகாத தோல்முட்டை போட்டது. நேற்று காலையிலிருந்து கூட்டை விட்டு எழவில்லை, தீனியும் எடுக்கவில்லை. அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, விடு என்கிறார் மாமியார். விடலாமா? அந்தத் தோல்முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: விடாதீர்கள், முதலில் கோழியைத் தூக்கிப் பாருங்கள். அடைக்கோழி என்றால் கை பக்கத்தில் போனாலே சிலிர்த்துக்கொண்டு, கொர்ரென்று சத்தம் போட்டுக் கொத்த வரும். முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிய கோழி சத்தமில்லாமல் கைக்கு வந்துவிடும். கீழே விட்டால் வாலைத் தொங்கப்போட்டு, உடம்பை நிமிர்த்தி நின்று முக்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கும். பின்துவாரத்துக்குக் கீழே இரு பக்கமும் விரலால் மெல்லத் தொட்டால், உள்ளே கெட்டியாக முட்டை தட்டுப்படலாம். தோல்முட்டையாக இருந்தால் கைக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் தட்டுப்படவில்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

உங்கள் கோழிக்கு ஒரு நாள் தாண்டிவிட்டது. இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறப்படும்வரை, கோழி தலை தொங்காமல் தெளிவாக இருந்தால், குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்து, வயிறு முழுக இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பெரும்பாலான கோழிகள் அதில் கண்ணை மூடிச் சொக்கிவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்து, துவாரத்தின் விளிம்பில் கொஞ்சம் எண்ணெய் தடவி, இருட்டான அட்டைப்பெட்டியில் வையுங்கள். பெங்களூர்க் குளிரில் ஈரக்கோழியை வெளியே விட்டால் வேறு வம்பு வரும். வயிற்றை அமுக்கிப் பிதுக்கவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் ஓடு முட்டைக்குழாயைக் கிழிக்கும், சீழ் பிடிக்கும். சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். மற்ற கோழிகள் அதைக் கொத்தியே கொன்றுவிடும்.

இது நேற்று தொடங்கிய கோளாறு இல்லை, பத்து நாளாக வந்த தோல்முட்டைதான் இதற்கு முன்னறிவிப்பு. ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதே கால்சியம்தான். அது குறைந்தால் முதலில் ஓடு மெலியும், பிறகு தள்ளும் பலமும் போய்விடும்.

என்ன தீனி போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் மிஞ்சின சோறும் அரிசி நொய்யும்தான். அவற்றில் கால்சியம் இல்லாததற்குச் சமம். கோழி கொழுக்கும், கொழுப்பு சேர்ந்த கோழிக்கு முட்டை சிக்குவதும் சுலபம். முட்டையிடும் கோழிக்கென்று விற்கும் லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். அதையே முக்கியத் தீனியாக்கி, சோற்றை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படுகிற கோழி எடுத்துக்கொள்ளும். பின்கட்டு முழுக்கத் தகரக் கூரையா? வெயில் படாத கோழிக்கு வைட்டமின் டி குறையும். அது இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. ஐந்தில் இன்னும் இரண்டு மூன்று கோழிகள் ஓடு சுருங்கிய முட்டை போட்டு, கூடவே தும்மவும் செய்தால் அது தீனிக் குறை அல்ல, தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

தோல்முட்டையைச் சாப்பிட வேண்டாம். ஓடு இல்லாததால் கிருமி சுலபமாக உள்ளே போகும். அதைக் கூட்டிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் கோழிகள் நல்ல முட்டையையும் கொத்திக் குடிக்கப் பழகிவிடும். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.